பி-சைடில் போட்ட பாட்டு: ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ உருவான கதையும் ஓய்ந்துபோகாத காரணமும்

கேள்வி இதுதான்: “குங் ஃபூ பாண்டா படத்தில் வரும் ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ பழைய டிஸ்கோ பாட்டு என்கிறார்கள். பத்தே நிமிடத்தில் பதிவானது, அதைப் போட்டவர் ஒரு பெங்களூர்க்காரர் என்றும் படித்தேன். இதெல்லாம் உண்மையா? அவசர அவசரமாகச் செய்த ஒரு பாட்டு இத்தனை வருடம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?”

எல்லாமே உண்மை. ஆனால் ‘பத்து நிமிடம்’ என்பதை மட்டும் தனியாக எடுத்துச் சொன்னால் ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் போலத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். எனவே கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

பெங்களூர்க்காரரிடமிருந்தே தொடங்கலாம். பிட்டு அப்பையா 1945-இல் பெங்களூரில் பிறந்தவர், குடகுக் குடும்பம். சிறு வயதில் அவருக்கு மேற்கத்தியப் பாட்டு வந்து சேர்ந்தது இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு வழியாக. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அகில இந்திய வானொலியில் கிடைக்காததையெல்லாம் கொழும்பிலிருந்துதான் கேட்டார்கள். தமிழில் நாம் கேட்டதும் அதே வானொலியைத்தான் என்பதால் இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. கிட்டார் கற்றுக்கொண்டு நண்பர்களோடு ‘ட்ரோஜன்ஸ்’ என்று ஒரு குழு அமைத்தார். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுகளைப் பெங்களூர், கல்கத்தா, பம்பாய் கிளப்புகளில் வாசித்தார்கள். குழு கலைந்தபின் ‘லோன் ட்ரோஜன்’ என்ற பெயரில் தனியாகவே பாடினார். அறுபதுகளின் பிற்பகுதியில் மத்தியக் கிழக்கு வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்கத் தூதரகத்தில் பர்கர் போடும் வேலை உட்பட கிடைத்த வேலையெல்லாம் செய்து, சேர்த்த காசில் ஸ்டுடியோவைச் சில மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாட்டு பதிவு செய்தார். இந்தச் ‘சில மணி நேரம்’ முக்கியம். சொந்தக் காசில் மணிக்கணக்குப் பார்த்து வேலை செய்து பழகியவர், கடிகாரத்தைப் பார்த்தபடியே முடிவெடுக்கக் கற்றுக்கொள்வார். 1969-இல் ஜப்பானின் ‘டைகர்ஸ்’ குழு லண்டனில் பதிவு செய்த ‘ஸ்மைல் ஃபார் மீ’ அவர் தயாரிப்பு. பாட்டை எழுதியவர்கள் பீ ஜீஸ் சகோதரர்கள். ஜப்பானில் நன்றாக ஓடியது. பிரிட்டனில் அவர் பெயர் அப்போதும் எடுபடவில்லை.

பாடகர் கார்ல் டக்ளஸ் ஜமைக்காவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்கா, பிறகு இங்கிலாந்து என்று வந்தவர். அறுபதுகள் முழுக்க சோல் பாட்டுகள் (அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த பாட்டு வகை) பாடிக்கொண்டிருந்தார். இசைத்தட்டுகள் வந்தன, ஆனால் பெரிதாக ஒன்றும் விற்கவில்லை. 1972-இல் ‘எம்பஸி’ என்ற படத்துக்காக பிட்டு வேலை செய்தபோது அதன் தலைப்புப் பாடலைப் பாடியவர் டக்ளஸ். அப்படித்தான் இருவருக்கும் பழக்கம். ஆக, 1974-இல் ஸ்டுடியோவுக்குள் போனபோது இருவரும் புதுமுகங்கள் இல்லை. இரண்டு பேரும் பல வருடம் தொழில் செய்து கை பழகியவர்கள், ஆனால் ஹிட் இல்லாதவர்கள்.

இப்போது அந்த நாள். பிட்டு பதிவு செய்யத் திட்டமிட்ட பாட்டு ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ அல்ல. லாரி வைஸ் என்ற அமெரிக்கப் பாடலாசிரியர் எழுதிய ‘ஐ வாண்ட் டு கிவ் யூ மை எவ்ரிதிங்’ என்ற காதல் பாட்டு. அதற்குத்தான் டக்ளஸைக் கூப்பிட்டார், இசைக் கலைஞர்களைக் கூப்பிட்டார், பணத்தையும் போட்டார்.

45 ஆர்.பி.எம். வேகத்தில் சுழலும் சின்ன இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம். ஏ-சைடு கம்பெனி விற்க நினைக்கும் பாட்டு, வானொலிக்குக் கொடுக்கும் பாட்டு. பி-சைடில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், காலியாக விட முடியாது என்பதற்காக ஒன்று. தமிழ் சினிமா ரெக்கார்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் விநோதமாக இருக்கும். நமக்கு இரண்டு பக்கமும் படப் பாட்டுதான். அங்கே பி-சைடு பெரும்பாலும் ஒப்புக்குச் சப்பாணி. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தட்டு விற்றால் இரண்டு பக்கத்துப் பாட்டை எழுதியவர்களுக்கும் ராயல்டி ஒரே அளவுதான். யாருமே கேட்காத பி-சைடு என்றாலும், ஏ-சைடு ஓடினால் அதன் முதுகில் ஏறி அதை எழுதியவருக்கும் காசு வரும். அதனால் பி-சைடு என்பது பாடகர் தன் கையால் எழுதியதை நுழைக்கிற இடம்.

பிட்டு டக்ளஸிடம் “பி-சைடுக்கு ஏதாவது வைத்திருக்கிறாயா?” என்று கேட்க, டக்ளஸ் தான் எழுதி வைத்திருந்த வரிகள் சிலவற்றைக் காட்டினார். அதில் ஒன்று குங் ஃபூ பற்றியது. பிட்டு அதைத் தேர்ந்தெடுத்து, பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் மெட்டமைத்தார். எழுதியவர் என்ற இடத்தில் தட்டில் இருப்பது டக்ளஸ் பெயர் மட்டும்தான்.

அப்போது பிரிட்டனில் ஸ்டுடியோ இசைக் கலைஞர்களுக்கு ஒரு ‘செஷன்’ என்றால் மூன்று மணி நேரம். சங்கம் வைத்த கணக்கு. அதற்குமேல் போனால் கூடுதல் சம்பளம். ஏ-சைடுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. நடுவில் இடைவேளை. கடைசியில் மிஞ்சிய கொஞ்ச நேரத்தில் இரண்டே டேக்கில் குங் ஃபூ பாட்டு முடிந்தது. பத்து நிமிடக் கதை இதுதான்.

இதை நான் இப்படிப் பார்க்கிறேன். இரண்டு மணி நேரம் சேர்ந்து வாசித்துக் கை சூடேறிய கலைஞர்கள். பத்து வருடம் மேடையில் பாடிய குரல். நேரத்தை வீணாக்காத தயாரிப்பாளர். பத்து நிமிடத்தில் பாட்டு ‘உருவாகவில்லை’, பதிவாகியது. அதைவிட முக்கியமாக, யார் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு எல்லோருக்கும் கையைக் கட்டவிழ்த்து விட்டது. பி-சைடுதானே என்று அந்த ‘ஹூ’, ‘ஹா’ சத்தங்களையும் வெட்டும் ஓசைகளையும் அளவுக்கு மீறியே போட்டதாக பிட்டு பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஏ-சைடு என்றால் அவரே அதில் பாதியை வெட்டியிருப்பார். வெட்டியிருந்தால் நாம் இன்று இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

பை ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் ராபின் பிளாஞ்ச்ஃபிளவர் என்ற அதிகாரியிடம் இரண்டு பாட்டையும் போட்டுக் காட்டினார் பிட்டு. அவர் காதல் பாட்டைக் கேட்டுவிட்டு, அடுத்ததைக் கேட்டதும் இதுதான் ஏ-சைடு என்று அடித்துச் சொல்லிவிட்டார். பக்கம் மாறியது. (பின்னுக்குப் போன பாட்டை எழுதிய லாரி வைஸை நினைத்துப் பரிதாபப்பட வேண்டாம். அடுத்த வருடமே அவர் எழுதிய ‘ரைன்ஸ்டோன் கௌபாய்’ கிளென் காம்பெல் குரலில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.)

1974 கோடையில் தட்டு வெளியானது. முதல் ஐந்து வாரம் வானொலி அதைக் கண்டுகொள்ளவில்லை. தூக்கிவிட்டது டான்ஸ் கிளப்புகள். இந்த இடத்தில்தான் இது ‘டிஸ்கோ’ பாட்டு என்ற பெயருக்கு உண்மையிலேயே தகுதி பெறுகிறது. டிஸ்கோ என்பது அப்போது ஒரு இசை வகையின் பெயராக முழுதாக நிலைபெறவில்லை. தட்டுகளைப் போட்டு ஆடும் இடத்தின் பெயர். அந்த இடங்களில் ஓடுவது டிஸ்கோ, அவ்வளவுதான். ஆகஸ்ட் நடுவில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் கீழ்ப்பகுதியில் நுழைந்தது. செப்டம்பர் 21 அன்று முதலிடம். மூன்று வாரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

அந்த வருடத்தையும் பார்க்க வேண்டும். 1974 தொடக்கத்திலிருந்தே காற்று திரும்பிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் பேரி வைட்டின் ‘லவ்ஸ் தீம்’ அமெரிக்காவில் முதலிடம். ஜூலை முதல் வாரம் ஹியூஸ் கார்ப்பரேஷன் என்ற பாட்டுக் குழுவின் ‘ராக் த போட்’, உடனே அதைத் தள்ளிவிட்டு ஜார்ஜ் மெக்ரேயின் ‘ராக் யுவர் பேபி’. இரண்டுமே ஆடுகிறவர்கள் தூக்கிவிட்ட பாட்டுகள். ‘ராக் யுவர் பேபி’ பிரிட்டனிலும் முதலிடம் வந்தது. ஆனால் இவையெல்லாம் அமெரிக்காவில் தயாரானவை. பிரிட்டன் அதை வாங்கிக் கேட்கிற சந்தை. அந்தப் போக்கில் அங்கிருந்து கிளம்பி உலகம் சுற்றிய முதல் பெரிய தட்டு ‘குங் ஃபூ ஃபைட்டிங்’. லண்டனில் செய்து அமெரிக்காவுக்கே திருப்பி விற்றார்கள். டிசம்பர் 1974-இல் அமெரிக்காவின் முக்கியப் பாட்டுப் பட்டியலான பில்போர்டு ஹாட் 100-இல் இரண்டு வாரம் முதலிடம்; 1975 ஜனவரியில் கறுப்பின மக்களின் இசைக்கான பட்டியலிலும் முதலிடம். ஹாட் 100-இல் முதலிடம் பிடித்த முதல் ஜமைக்காக்காரர் கார்ல் டக்ளஸ். பாப் மார்லிக்குக்கூட அது அமையவில்லை. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி என்று வரிசையாகப் பல நாடுகளில் இதே கதை. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் தட்டுகள் விற்றதாகச் சொல்வது வழக்கம்.

சரி, பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் பொருள். டிஸ்கோ பாட்டுகளில் பத்துக்கு எட்டு ‘வா ஆடலாம்’, இல்லையென்றால் ‘என்னைக் காதலி’. இதில் இரண்டும் இல்லை. இது ஒரு கதை. ஒருவன் சைனாடவுனில் தான் பார்த்த சண்டையை வந்து விவரிக்கிறான். எல்லோரும் அடித்துக்கொண்டார்கள், மின்னல் வேகம், பார்க்கக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் நேரம் தவறாமல் அடித்தார்கள் என்று. தெருமுனை டீக்கடையில் நேற்று நடந்ததைச் சொல்கிற தோரணை. சொல்கிறவன் பெரும்பாலும் வேடிக்கை பார்த்தவன். கேட்கிறவர்களும் அப்படித்தான். 1974-இல் குங் ஃபூ தெரிந்தவர்கள் யார்? எல்லோருமே திரையில் வேடிக்கை பார்த்தவர்கள்.

நடுவில் ஒரு பாத்திரம் ‘பிக் பாஸ்’ வருகிறார் என்று சொல்கிறது. நம் டிவி நிகழ்ச்சி நினைவுக்கு வந்தால் தப்பில்லை, ஆனால் ‘த பிக் பாஸ்’ என்பது 1971-இல் வந்த புரூஸ் லீ படத்தின் பெயர். அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அது உடனே உறைத்திருக்கும். புரூஸ் லீ 1973 ஜூலை 20 அன்று ஹாங்காங்கில் இறந்தார். அடுத்த மாதமே ‘என்டர் த டிராகன்’ அமெரிக்காவில் வெளியானது. அதற்கு முன்பே 1973 வசந்தத்தில் ஷா பிரதர்ஸ் தயாரித்த ‘ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்’ அமெரிக்க நகரங்களில் கூட்டம் சேர்த்திருந்தது. குறிப்பாகக் கறுப்பின இளைஞர்கள் போகும் நகர மையத் தியேட்டர்களில் ஹாங்காங் சண்டைப் படங்களும் கறுப்பின நாயகர்களின் படங்களும் ஒன்றாகவே ஓடின. வெள்ளைக்காரன் நாயகனாக இல்லாத, ஆயுதம் இல்லாதவன் கையாலேயே ஜெயிக்கிற படம் அங்கே எடுபட்டதில் ஆச்சரியம் இல்லை. ஆகவே சோல் இசையையும் குங் ஃபூவையும் டக்ளஸ் வலிந்து ஒட்டவைக்கவில்லை. இரண்டையும் ரசித்த கூட்டம் ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருந்தது. அவர்களுக்கான பாட்டுதான் இல்லாமல் இருந்தது.

அடுத்தது ஓசை. தொடக்கத்தில் சொற்களே இல்லை. ‘ஓ ஓ ஓ ஓ’ என்று குரல் இறங்கி வருகிறது. பிறகு பல்லவியின் முதல் வரி. வரி முடிந்ததும் ஒரு சின்ன வெற்றிடம். அந்த இடத்தில் ‘ஹூ!’ அடுத்த வரி, அடுத்த வெற்றிடம், ‘ஹா!’ இந்த உறுமல்களை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். தாளத்தில் சரியான இடத்தில் விழுகிற அடி அது, டிரம் வாசிப்பின் ஒரு பகுதி. நாற்று நடுகிறவர்கள் பாட்டில் ஒருத்தி வரியைச் சொல்ல மற்றவர்கள் ‘ஏலேலோ’ போடுவது போல, தலைவன் வரியை முடித்ததும் கூட்டத்துக்கு ஒரு வேலை கிடைக்கிறது. ஆங்கிலம் தெரிய வேண்டாம், சுருதி தெரிய வேண்டாம், ஆடத் தெரிய வேண்டாம். மூன்று வயதுக் குழந்தையும் காலைத் தூக்கிக்கொண்டு ‘ஹூ’ சொல்லலாம்.

வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 105 அடி. பின்னால் வந்த பல டிஸ்கோ பாட்டுகள் 120-ஐத் தாண்டி ஓடும். அவற்றுக்கு ஆடப் பழக்கம் வேண்டும். இது நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் துள்ளல், அவ்வளவுதான். கை வீசிக் கால் தூக்கி ‘சண்டை’ போட்டுக் காட்ட நேரம் இருக்கிறது. கீழே பாஸ் கிட்டாரும் டிரம்மும் இறுக்கிப் பிடித்திருக்க, மேலே வயலின்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன. பிட்டு, அமெரிக்க சோல் கம்பெனியான மோட்டவுனின் இசையில் ஊறியவர். இந்தக் கட்டுமானம் விளையாட்டுக்குச் செய்தது இல்லை. வரிகளை மறந்துவிட்டுப் பின்னணியை மட்டும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள், காமெடிப் பாட்டு என்று சொல்ல மாட்டீர்கள். கேலிக்காகச் செய்த பாட்டுகள் ஆறு மாதத்தில் செத்துப்போவதற்குக் காரணம் அடியில் இசை இல்லாததுதான். இதில் இசை இருக்கிறது.

மூன்றாவதாக, அந்த ஒன்பது சுரத் துணுக்கு. டி-டி-டி-டி டி-டி டீ-டீ டீ. கேட்டதும் ‘சீனா’ என்று மூளை சொல்லும். உண்மையில் சீனாவுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. சீனர்களைக் காட்டுவதற்கு மேற்கத்திய நாடக மேடைகளும் கார்ட்டூன்களும் பயன்படுத்திப் பயன்படுத்தித் தேய்ந்த துண்டு. இதன் சாயலுள்ள மெட்டுகள் அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் வந்துவிட்டன. மூன்றே சுரங்கள்தான். இதை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்ததில் இந்தப் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. சீனர்களின் இசை இப்படித்தான் இருக்கும் என்று ஒரு தலைமுறையே நம்பியது.

இதையும் மழுப்பாமல் பேசிவிட வேண்டும். பாட்டின் வரிகளில் சீனர்களைக் குறிக்க வரும் ஆங்கிலச் சொல் இன்று வசைச்சொல்லாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கிழக்காசிய முகமுள்ள பிள்ளைகளைப் பார்த்து மேற்கு நாட்டுப் பள்ளிக்கூடங்களில் இந்தப் பாட்டைப் பாடிக் கேலி செய்தது பரவலாக நடந்திருக்கிறது. 2011-இல் இங்கிலாந்தின் வைட் தீவில் ஒரு பாரில் இதைப் பாடிய பாடகரை, தெருவில் போன ஒருவர் கொடுத்த புகாரின் பேரில் போலீஸ் கைது செய்தது. அது கொஞ்சம் அதிகம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ‘சும்மா ஜாலிக்குத்தானே’ என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. எழுதியவர் ஜமைக்காக்காரர், தயாரித்தவர் இந்தியர். இருவரும் பிரிட்டனில் வெள்ளையர் அல்லாதவர்களாக வாழ்ந்து என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. அவர்கள் சீனர்களை இழிவுபடுத்த நினைத்ததாகத் தெரியவில்லை. வரிகளின் தொனி வியப்புதான், சண்டை போடுகிறவர்கள் திறமைசாலிகள். என்றாலும் மூன்றாவது இனத்தவரைப் பற்றி எழுதும்போது கையில் கிடைத்த பழைய சரக்கையே எடுத்துப் போட்டார்கள். நல்ல மனசு இருந்தாலே கார்ட்டூன் மெட்டு கார்ட்டூன் மெட்டாக இல்லாமல் போய்விடாது.

இதே வெற்றியைத் திரும்பச் செய்ய முயன்றபோது என்ன ஆனது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. உடனே ‘டான்ஸ் த குங் ஃபூ’ என்று ஒரு தொடர்ச்சி வந்தது. தலைப்பைப் பார்த்தாலே தெரியும்: இந்த முறை கதை இல்லை, ‘ஆடு’ என்ற உத்தரவு. பிரிட்டனில் 35-ஆம் இடத்தோடு நின்றது. 1977-இல் ‘ரன் பேக்’ 25-ஆம் இடம். அதோடு சரி. அமெரிக்காவில் வந்த ஆல்பத்தின் பெயரே ‘குங் ஃபூ ஃபைட்டிங் அண்ட் அதர் கிரேட் லவ் சாங்ஸ்’. அதாவது, குங் ஃபூ சண்டையும் இன்ன பிற அருமையான காதல் பாட்டுகளும்! கம்பெனிக்காரர்கள் குறும்பாக வைத்ததாக இருக்கலாம், ஆனால் டக்ளஸின் நிலைமையை அது சரியாகவே சொல்லிவிடுகிறது. அவர் சோல் பாடகர். காதல் பாட்டு பாடத்தான் வந்தார். ஜனங்கள் அவரைத் தலையில் பட்டை கட்டிக் குங் ஃபூ உடையோடுதான் பார்க்க விரும்பினார்கள். பிற்பாடு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் குடியேறி இசைப் பதிப்புத் தொழில் நடத்தினார்.

பிட்டுவின் கதை வேறு மாதிரி போனது. கையில் ஒரு ஹிட் வந்ததும் கதவுகள் திறந்தன. 1976-இல் டீனா சார்ல்ஸ் பாடிய ‘ஐ லவ் டு லவ்’ பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடம். அதே டீனா சார்ல்ஸின் மேடைக் குழுவில் பாஸ் வாசித்த டிரெவர் ஹார்ன், பிட்டு வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். பிறகு ‘வீடியோ கில்ட் த ரேடியோ ஸ்டார்’ பாட்டின் மூலம் உலகம் அறிந்தவரானார், எண்பதுகளின் பெரிய தயாரிப்பாளர்களில் ஒருவரும் ஆனார். 1980-இல் பெரோஸ் கான் கேட்டுக்கொண்டதால் ‘குர்பானி’ இந்திப் படத்துக்கு ஒரே ஒரு பாட்டு செய்து கொடுத்தார் பிட்டு. மற்ற பாட்டுகள் கல்யாண்ஜி ஆனந்த்ஜி. லண்டனில் படித்துக்கொண்டிருந்த பாகிஸ்தான் சிறுமி, 15 வயது நாசியா ஹசன் பாடிய ‘ஆப் ஜைசா கோயி’தான் அது. இந்தியா முழுக்க டிஸ்கோ என்ற வார்த்தை பட்டிதொட்டிக்கெல்லாம் போனது அதற்குப் பிறகுதான். மறு வருடம் அதே கூட்டணியில் ‘டிஸ்கோ தீவானே’. 1995-இல் அலிஷா சினாய் பாடிய ‘மேட் இன் இந்தியா’வும் பிட்டுவுடையதே. கேபிள் டிவி வந்த புதிதில் நம் வீடுகளிலும் அது ஓயாமல் ஓடியது நினைவிருக்கும். (‘குர்பானி’யைத் தமிழில் ‘விடுதலை’ என்று 1986-இல் சிவாஜி, ரஜினியை வைத்து எடுத்தார்கள், இசை சந்திரபோஸ்.)

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன்: ஏன் இன்னும் ஓடுகிறது? 1979 வாக்கில் அமெரிக்காவில் டிஸ்கோ மீது பெரிய வெறுப்பு கிளம்பி, பல நல்ல பாட்டுகளும் சேர்ந்து அடிவாங்கின. ‘குங் ஃபூ ஃபைட்டிங்’ அதில் சிக்காததற்குக் காரணம், அதை யாரும் டிஸ்கோவாக நினைவு வைத்திருக்கவில்லை, குங் ஃபூவாகத்தான் நினைவு வைத்திருந்தார்கள். டிஸ்கோ போனாலும் குங் ஃபூ போகவில்லை. வீடியோ கேசட் வந்தது, ஜாக்கி சான் வந்தார், வீடியோ கேம் வந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது திரையில் காலைத் தூக்கினால் பின்னணியில் போட ஒரு பாட்டு தேவைப்பட்டது. விளம்பரக்காரர்களுக்கும் டிவி காமெடிக்காரர்களுக்கும் இது கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது. மூன்று விநாடி போட்டாலே போதும், சூழ்நிலை புரிந்துவிடும். அப்படிப்பட்ட பாட்டுகள் உலகத்தில் ரொம்பக் கொஞ்சம்.

1998-இல் ‘பஸ் ஸ்டாப்’ என்ற பிரிட்டிஷ் நடனக் குழு டக்ளஸின் குரலையே வைத்துப் புது வடிவம் வெளியிட, அது பிரிட்டனில் மறுபடி முதல் பத்துக்குள் வந்தது. 2008-இல் ‘குங் ஃபூ பாண்டா’வுக்காக சீலோ கிரீனும் ஜாக் பிளாக்கும் பாடினார்கள், அதற்காகச் சில வரிகள் மாற்றப்பட்டன. 1974-இல் கிளப்பில் ஆடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது கார்ட்டூன் பாட்டு. அவர்களில் பலருக்கு டக்ளஸ் என்றொருவர் இருப்பதே தெரியாது.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், அந்த வருடத்துப் பாட்டுகளில் இசையாகச் சிறந்தது ‘ராக் யுவர் பேபி’தான், ஜான் லெனனும் ஆபாவும் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டார்கள். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் அலுக்காது. ‘குங் ஃபூ ஃபைட்டிங்’கை அடுத்தடுத்து மூன்று முறை கேட்டால் எனக்குப் போதும் என்றாகிவிடும். ஆனால் ஒரு கல்யாண வீட்டில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். முதலாவதற்கு நாலு பேர் எழுந்து ஆடுவார்கள். இரண்டாவதற்குச் சமையல்காரர் உட்பட ஆளுக்கொரு ‘ஹூ’ போடுவார்கள்.

கேட்க நினைத்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இணையத்தில் கார்ல் டக்ளஸ் பெயரிலேயே பல மறுபதிவுகள் கிடக்கின்றன. சிலவற்றில் டிரம் ஓசை தட்டையாக, இயந்திரத்தனமாக இருக்கும். வயலின்களுக்குப் பதில் சிந்தசைசர் இருக்கும். அதைக் கேட்டுவிட்டு ‘இதுக்கா இவ்வளவு பேச்சு’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1974 என்று போட்ட மூலப் பதிவு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். முடிவில் டக்ளஸ் ‘கீப் ஆன், கீப் ஆன்’ என்று எழுதி வைக்காத வரிகளை இழுத்துக்கொண்டே போக, பாட்டு மெல்லத் தேய்ந்து மறையும். அதை ஹெட்ஃபோனில் கேளுங்கள். செஷன் முடியப்போகிற நேரத்தில் அவர் குரலில் இருக்கிற குஷி நன்றாகவே தெரியும்.